எந்த ஏகாம்பரத்துக்கு?

சர்வ தீர்த்தக் கரையில் அமாவாசைக்கு வந்து உட்காரும் புரோகிதருக்கு என் தகப்பன் வழிப் பரம்பரை இரண்டே பெயரில் முடிந்துவிடும். அப்பா ஏகாம்பரம், தாத்தா கச்சபேசன், கொள்ளுத்தாத்தா மறுபடியும் ஏகாம்பரம். அப்பாவை வசுவாகவும், தாத்தாவை ருத்திரனாகவும், கொள்ளுத்தாத்தாவை ஆதித்தியனாகவும் நினைத்து எள்ளும் நீரும் விடுவது முறை. அதற்கும் மேலே இருப்பவர் அநேகமாகக் கச்சபேசனாகத்தான் இருப்பார், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை. மூன்றோடு சடங்கு நிறுத்திக்கொள்கிறது. என் பெயரை நான் சொல்லவே வேண்டாம், யூகித்திருப்பீர்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். எங்கள் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அது கொஞ்சம் கூடுதல். ஊர்ச் சாமிகளின் பெயர்களே திரும்பத் திரும்பச் சுற்றிவரும். தெருமுனையில் நின்று "ஏகாம்பரம்" என்று குரல் கொடுத்தால் நாலு தறியாவது நிற்கும். பெண்களில் காமாட்சிகளை எண்ணி மாளாது. பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். உறுப்பினர் பதிவேட்டில் இருந்த ஏகாம்பரங்களைப் பிரித்து வைக்கவே தனித் திறமை வேண்டும். கிணற்றடி ஏகாம்பரம், ஜக்கார்டு ஏகாம்பரம், குளத்தங்கரை ஏகாம்பரம் என்று பென்சிலால் எழுதிவைப்போம். கிணற்றடிக்காரர் வீடு மாறிப் போனதும் அந்த அடைமொழி அந்த வீட்டுக்குக் குடிவந்த இன்னொருவருக்குப் போய்விடும். பழைய பேரேட்டை இன்று யாராவது புரட்டினால் இரண்டு பேரின் கூலியையும் ஜரிகைப் பாக்கியையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஒரே பெயரை ஒரே தர்ப்பணத்தில் இரண்டு தடவை சொல்கிறேனே, இரண்டாவது தண்ணீர் யாருக்கு என்பது எனக்கு ரொம்ப நாள் வெறும் விளையாட்டுக் கேள்வியாகத்தான் இருந்தது. அது விளையாட்டில்லை என்று ஆக்கியவள் என் தங்கை மகள். நார்வேயில் ஸ்டவாங்கரில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வேலை. அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். குழந்தை பிறந்ததும் ஒரு நாள் போன் செய்தாள். "மாமா, இங்க ஆறு மாசத்துக்குள்ள குழந்தைக்குப் பேரு பதியணும். குடும்பப் பேருன்னு ஒண்ணு கேக்கறாங்க. நம்ம குடும்பப் பேரு என்ன?"

நமக்கு ஏது? முதலியார் என்பது சாதிப் பட்டம், இப்போது பலர் அதை எழுதுவதுமில்லை. வகையறாப் பெயர் என்று ஒன்று உண்டு, கல்யாணப் பேச்சிலும் கருமாதியிலும் தவிர அது வெளியே வராது. மற்றபடி அப்பா பெயரின் முதலெழுத்துதான். எங்கள் ஊரின் பெரிய மனிதர் அண்ணாவுக்கே அவ்வளவுதான். சி.என். என்றால் காஞ்சிபுரம் நடராசன். ஊர், தகப்பன், தன் பெயர். "உன் அப்பா வீட்டுல கேளும்மா, நீ அந்த வழி" என்றேன். "அங்க கேட்டாச்சு மாமா, அம்மா வழியும் வேணும்" என்றாள். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கணவன் சொன்ன விஷயம்தான் என்னை உட்காரவைத்தது. நார்வேயிலும் நூறு வருஷத்துக்கு முன்பு வரை நாட்டுப்புறத்தில் நம்ம கதைதானாம். ஹான்ஸ் மகன் ஓலா என்றால் ஓலா ஹான்சன். ஓலாவின் மகன் ஹான்ஸ், அவன் ஹான்ஸ் ஓல்சன். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்பது பரவலான வழக்கம். ஆக ஓலா ஹான்சனின் பேரனும் ஓலா ஹான்சன். இதோடு எந்தப் பண்ணையில் குடியிருந்தார்களோ அந்தப் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் பெயரும் மாறும், மாமனார் பண்ணைக்குக் குடிபோனவனுக்கு அந்தப் பண்ணைப் பெயர். எங்கள் கிணற்றடி ஏகாம்பரத்துக்கு நேர்ந்த அதே கதி. 1923இல் சட்டம் வந்து, குடும்பத்துக்கு ஒரு பரம்பரைப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது. அந்த நேரத்தில் யார் எந்தப் பெயரில் நின்றார்களோ அது அப்படியே உறைந்துபோயிற்று. அதற்கு முன்பே அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அண்ணன் தம்பிகளில் ஒருவன் அப்பா பெயரையும் இன்னொருவன் பண்ணைப் பெயரையும் எடுத்துக்கொண்டதால், அவர்கள் பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பதும் உண்டாம். வெளிநாடு போன நம் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராகக் கல்லாகிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், நாமும் அதே படியில் ஏறுகிறோம் என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பையனுக்கு ஒரு சங்கடம். அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா ஓர் ஓலா ஹான்சன். அதே சர்ச்சில் அதே காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஓலா ஹான்சன்கள் மூன்று பேர். மூன்று பேரில் எவன் தன்னுடையவன்? அங்கே சர்ச் பதிவேடுகள் இருக்கின்றன. 1801ஆம் வருஷத்திலேயே நாட்டில் உள்ள எல்லாரையும் பெயர் பெயராக எழுதிய குடிக்கணக்கு இருக்கிறது. அவற்றையெல்லாம் அரசே கணினியில் ஏற்றி இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறது. அவன் செய்தது எளிய வேலை. ஞானஸ்நானத்தின்போது பக்கத்தில் நின்ற ஞானப் பெற்றோர் யார், எந்தப் பண்ணைக்காரர்கள் என்று பார்த்தான். குழந்தையாகவே இறந்த ஓர் ஓலாவைத் தள்ளினான். வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விட்ட ஓர் ஓலாவைத் தள்ளினான். மிச்சம் நின்றவன் அவன் ஆள்.

எனக்குத் திக்நாகர் ஞாபகம் வந்தார். காஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும் பௌத்தத் தருக்க ஆசிரியர். ஒரு சொல் தன் பொருளை நேராகத் தொட்டுக் காட்டுவதில்லை, அது அல்லாத மற்றவற்றை விலக்கத்தான் செய்கிறது என்பது அவர் கொள்கை. பசு என்றால் பசு அல்லாதது அல்ல, அவ்வளவுதான். படித்த காலத்தில் இது வீண் வாதமாகப் பட்டது. ஒரே பெயரில் மூன்று பேர் நிற்கும் பதிவேட்டின் முன்னால் வேறு வழி இருப்பதாக இப்போது எனக்குத் தெரியவில்லை.

சரி, நம் வீட்டிலும் பார்ப்போம் என்று பெட்டியை இறக்கினேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு பழைய பத்திரங்கள் உண்டு. ஒன்று ஏழாம் எட்வர்டு தலை போட்ட முத்திரைத்தாளில் எழுதிய கிரயம். வாங்கியவர், ஏகாம்பர முதலியார் குமாரர் கச்சபேச முதலியார். இன்னொன்று ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட தாளில் எழுதிய அடமானம். அதே வீட்டை அடகு வைப்பவர், குப்புசாமி முதலியார் குமாரர் கச்சபேச முதலியார்.

குப்புசாமி யார்?

மூன்று விடை சாத்தியம். ஏகாம்பரமும் குப்புசாமியும் ஒரே ஆள். அல்லது அண்ணன் தம்பி இருவரும் தங்கள் அப்பா பெயரை ஆளுக்கொரு மகனுக்கு வைத்து, கச்சபேசன்களே இரண்டு பேர். அல்லது என் தாத்தா ஒருவருக்குப் பிறந்து இன்னொருவருக்குத் தத்துப் போனவர்.

இரண்டாவதைத் தள்ள முடிந்தது. இரண்டு பத்திரத்திலும் செக்குபந்தி ஒன்றே, கிழக்கே அதே வீடு, தெற்கே அதே சந்து. நடுவில் கைமாறியதாக வில்லங்கத்தில் எதுவும் இல்லை. கையெழுத்திலும் இரட்டைச் சகரத்தை ஒரே மாதிரி இழுத்திருக்கிறார். ஆகவே கச்சபேசன் ஒருவர்தான், அப்பா பெயர்தான் இரண்டு.

முதல் விடை ரொம்ப இயல்பானது. பிறந்த பிள்ளைகள் தக்காத வீட்டில் அடுத்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்புசாமி, பிச்சை என்று பெயரிடுவது வழக்கம். எமன் கண்ணுக்கு அது விலையில்லாத பிள்ளையாகப் பட வேண்டும் என்று கணக்கு. நார்வேயில் நேரெதிர், செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைத்துவிடுவார்களாம். அவர்கள் பெயரை இழக்க மாட்டார்கள், நாம் பெயரை ஒளித்துவைத்து ஆளைக் காப்பாற்றப் பார்ப்போம். எங்கள் ஊரில் எமனின் கணக்கர் சித்திரகுப்தருக்கே நெல்லுக்காரத் தெருவில் கோயில் இருக்கிறது. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏட்டில் வீட்டுப் பெயரை எழுதுவாரா, சாமிப் பெயரை எழுதுவாரா என்று சங்கத்தில் கணக்கெழுதிய தோரணையில் நான் யோசித்ததுண்டு. பென்சிலில் அடைமொழி போடுகிறவராக அவர் தெரியவில்லை.

தொண்ணூறை நெருங்கும் என் அத்தையைக் கேட்டேன். "குப்பு தாத்தாவா? முன்னாடி ரெண்டு போயி மூணாவதா தங்கினவரு" என்றார். முதல் விடை உறுதி என்று எழுந்திருக்கப் போனேன். "அவருக்கு அண்ணன் ஒருத்தர் இருந்தாரு, பாவம், பிள்ளையில்லே" என்று அதே மூச்சில் சேர்த்தார். அண்ணன் பெயர் என்ன அத்தை? "பெரியவருன்னுதான் சொல்லுவாங்க."

ஆக அத்தையின் சாட்சி மூன்றாவது விடைக்கும் பொருந்துகிறது.

பேர் எதுவானால் என்ன என்று விட்டுவிடலாம். ஊரில் அதற்கு உதாரணமும் இருக்கிறது. கைலாசநாதர் கோயில் சுற்றில் உள்ள சிறு சன்னதிகளில் ராஜசிம்மப் பல்லவனின் பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இருநூற்றைம்பதுக்குக் குறையாது. அத்யந்தகாமன், ரணஜயன், ஸ்ரீபரன் என்று போகும். ஒரு மனிதனுக்கு அத்தனை பெயர் போட்டும் குழப்பம் தீரவில்லை. அத்யந்தகாமன் என்ற பட்டம் மாமல்லபுரத்துக் கல்வெட்டிலும் வருவதால் அங்கே இருப்பதெல்லாம் யார் செய்வித்தது என்று அறிஞர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். எல்லாமே ராஜசிம்மன் வேலைதான் என்று 1962இல் இரா. நாகசாமி எழுதியதிலிருந்து அந்த வழக்குக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. தாத்தா பட்டத்தைப் பேரன் எடுத்துக்கொண்டால் அரசனுக்கும் நெசவாளிக்கும் ஒரே வில்லங்கம்தான்.

ஆனால் அரசர்களுக்கு இல்லாத ஒரு நெருக்கடி எனக்கு இருக்கிறது. நான் பெயர் சொல்லித் தண்ணீர் விட வேண்டியவன். படைத்ததைப் பித்ருக்களிடம் கொண்டுசேர்ப்பது நாமமும் கோத்திரமும்தான் என்று மச்ச புராணம் சொல்கிறது. கேள்வி வெகு காலமாகவே உள்ளதுதான். செத்தவர் வினைக்கேற்ப வேறு பிறவி எடுத்துப் போயிருப்பார் என்றால் இங்கே விடும் நீர் யாரைச் சேரும்? மாடாகப் பிறந்திருந்தால் புல்லாக, தேவனாக இருந்தால் அமுதமாகப் போய்ச் சேரும், வசுவும் ருத்திரனும் ஆதித்தியனும் கொண்டுசேர்ப்பார்கள் என்பது வைதிகர்கள் சொல்லும் பதில். அப்படியானால் பெயர் என்பது தபாலில் எழுதும் விலாசம். தாத்தாவே பேரனாக வந்து பிறக்கிறார் என்று நம் ஜனங்கள் நம்புகிற நம்பிக்கையையும் இதோடு சேர்த்தால், ஆதித்திய ஏகாம்பரம் வசு ஏகாம்பரமாக வந்து நெய்துவிட்டுப் போயிருக்கிறார், ஒருவருக்கே இரண்டு விலாசத்தில் நீர் விடுகிறேன். அதிலாவது நஷ்டமில்லை. தவறான விலாசம்தான் பயம். குப்புசாமிக்குரிய நீரை ஏகாம்பரத்துக்கு விட்டு, உண்மையான தகப்பன் வழி வறண்டு நிற்குமானால்?

இந்தப் பயத்தோடு புரோகிதரிடம் போனேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார். பெயரே தெரியாதவர்களுக்கு வழி இருக்கிறது என்றார். முன்னோரின் பெயர் அறியாதவன் மண்ணில் உறைபவர், இடைவெளியில் உறைபவர், விண்ணில் உறைபவர் என்று சொல்லி மூன்று பிண்டம் வைக்கலாம் என்று பழைய சூத்திரங்களே அனுமதிக்கின்றன. கோத்திரம் தெரியாதவருக்குக் காசியப கோத்திரம் உண்டு. எங்கள் ஆட்கள் பலர் சிவ கோத்திரம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதும் அவருக்குப் பழக்கம்தான்.

இதில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அந்தச் சூத்திரக்காரர்கள் மறதியை எதிர்பார்த்திருக்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வாசல் வைத்தவர்கள், தெரிந்ததுபோல் ஒரு பெயரை இட்டுச் சொல்ல வாசல் வைக்கவில்லை. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. கட்டம் காலியாக இருந்தால் மனம் பொறுக்காமல் பொருத்தமான ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் அது சத்தியமாகிவிடும். காலிக் கட்டத்தைக் காலியாக விடுவதற்கு ஒரு பக்தி வேண்டியிருக்கிறது. ஆராய்ச்சிக்காரனுக்கு அது வேண்டும் என்று சொன்னால் சிரிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

என் கட்டம் காலியில்லை, இரண்டு பெயர் இருக்கிறது. அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி வைகுந்தப் பெருமாள் கோயிலில் சுவர் முழுக்கச் செதுக்கிவைத்திருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்து நாடு அரசனில்லாமல் நின்றபோது, ஊர்ப் பெரியவர்களும் கடிகையாரும் இரணியவர்மனிடம் போய் ஒரு பிள்ளையைக் கேட்டார்கள். மூத்த மூவரும் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் நான் போகிறேன் என்றான். காஞ்சிக்கு வந்து முடிசூடியபோது அவன் நந்திவர்மன் ஆனான். சிற்பத்துக்குக் கீழே எழுத்தும் வெட்டியிருக்கிறது. பின்னால் அவன் கொடுத்த காசாக்குடிச் செப்பேட்டைப் பாருங்கள். தான் ஏறிய சிம்மாசனத்துக்குரிய வரிசையைச் சொல்லிவிட்டு, தன் சொந்த இரத்த வரிசையை, சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனிலிருந்து தன் அப்பா வரை தனியாகச் சொல்கிறது. ஒன்றை இன்னொன்றில் கரைக்கவில்லை. ஆள வந்தவன், பொய்யாகப் பரமேசுவரன் மகன் என்று எழுதியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

தாத்தாவும் ஒரு செப்பேடு விட்டுப்போயிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பிள்ளைகளின் பெயர்கள். மூத்தவருக்கு, என் அப்பாவுக்கு, ஏகாம்பரம் என்று வைத்தார். அடுத்தவருக்கு, என் சித்தப்பாவுக்கு, குப்புசாமி. ஒரே மனிதரின் இரண்டு பெயரை யாரும் இரண்டு பிள்ளைக்குப் பங்கிட மாட்டார்கள். இரண்டு தகப்பன் இருந்தவர்தான் அப்படிச் செய்வார், வளர்த்தவருக்கு முதல் மரியாதை, பெற்றவருக்கு அடுத்தது. அறிவு தெரிந்த வயதில் ஒரு மனிதன் தன் வாயால் கொடுத்த வாக்குமூலம் அது, பத்திர எழுத்தர் கேட்டெழுதியதைவிட நான் அதை நம்புவேன். தத்துப் போன பிள்ளை யாருக்குப் பிண்டம் வைக்க வேண்டும் என்பதற்குத் தர்ம சாஸ்திரத்தில் நீண்ட விவகாரமே இருக்கிறது, இருவருக்கும் மகனாக நிற்கும் வகைகூட அதில் உண்டு. புரோகிதர் அதை ஒரே வரியில் முடித்தார். "அண்ணன் தம்பிதானே, கோத்திரம் ஒண்ணு. வர்க்கத்துல ஏகாம்பரத்தைச் சொல்லுங்க. மகாளயத்துல காருண்ய பித்ருக்கள்ல குப்புசாமியைச் சேருங்க. விட்டுப்போகாது."

தங்கை மகளிடம் வெற்றியோடு சொன்னேன். குழந்தைக்கு அதற்குள் அவள் கணவன் வீட்டுப் பண்ணைப் பெயரையே பதிந்துவிட்டார்கள், நாள் கடந்துகொண்டிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவது மகனுக்கு அம்மாவோட அப்பா பேரை வைக்கிறது நம்ம வழக்கமும்தானே மாமா? சின்னத் தாத்தாவோட அம்மாவுக்கு அப்பா யாரு?" என்றாள்.

சரியான அடி. பாட்டியின் அப்பாவும் ஒரு குப்புசாமியாக இருந்தால் என் செப்பேடு பொய்த்துவிடும், இரண்டு தகப்பன் கதையும் போய்விடும். பாட்டியின் அப்பாவை அத்தைக்கு "ஆரணித் தாத்தா" என்றுதான் தெரியும். பாட்டி தன் அப்பா பெயரைச் சொல்ல யாரும் சந்தர்ப்பம் கொடுக்கவில்லை. ரேஷன் அட்டையிலிருந்து சாவு நோட்டீஸ் வரை அவர் கச்சபேச முதலியார் மனைவிதான். நார்வேயில் அந்தச் சட்டத்துக்கு முந்தைய காலத்துக் கிராமத்துப் பெண் கல்யாணமாகியும் தன் அப்பன் பெயரையே வைத்திருந்தாள். ஹான்ஸ் மகள் அன்னா, சாகும்வரை ஹான்ஸ் மகள் அன்னா. பதிவேட்டில் ஒரு வரி பார்த்தால் என் கேள்விக்கு அங்கே பதில் வந்திருக்கும். நம் பெண்களுக்கு இனிஷியல் மாறும்போது ஒரு வம்சத்தின் வாசல் சாத்தப்படுகிறது.

இதில் வேதனையானது ஒன்று உண்டு. அந்தப் பெயர் வெகு காலம் எங்கள் வீட்டிலேயே ஒலித்திருக்கிறது. தர்ப்பணத்தில் தாய்வழித் தாத்தாக்களுக்கும் மூன்று உண்டு. என் அப்பா அமாவாசைதோறும் தன் அம்மாவின் அப்பாவைப் பெயர் சொல்லி நீர் விட்டவர். குளக்கரையில் நான் பக்கத்தில் துண்டோடு நின்றிருக்கிறேன். அப்பா போனதும் அந்த வரிசை எனக்கு வராது, எனக்கு என் அம்மாவின் அப்பாதான். சாஸ்திரம் பெண் வழியை ஒரு தலைமுறைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு பிறகு விட்டுவிடுகிறது. ஆண் வழியை மூன்று வரை இழுக்கிறது. பெயர் தெரியாதவருக்கு அத்தனை கருணையோடு வழி வைத்தவர்கள், தெரிந்த பெயரை இப்படிக் கைவிடச் செய்தது ஏன் என்று புரோகிதரைக் கேட்டேன். "முறை அப்படி" என்றார். அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரியும். காருண்ய பித்ருக்களோடு ஆரணித் தாத்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பெயர்? அதைத்தானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆரணியில் பாட்டிக்குச் சீதனமாக ஒரு தறிவீடு எழுதிக் கொடுத்ததாகவும், பின்னால் அவரே அதை விற்றதாகவும் அத்தை சொல்கிறார். சொத்துக்கு உரியவளாகப் பெண் நிற்கும் பத்திரத்தில்தான் இன்னார் குமாரத்தி என்று எழுத வாய்ப்பு உண்டு, இன்னார் பெண்சாதி என்று மட்டும் எழுதித் தொலைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆரணிப் பதிவு அலுவலகத்தில் தேடுவதற்கு மனுப் போட்டிருக்கிறேன். பாட்டியின் பெயர் காமாட்சி. அந்த வருஷங்களில் அங்கே சொத்து விற்ற காமாட்சி அம்மாள்கள் எத்தனை பேர் என்று முதலில் பார்க்க வேண்டும்.